பேணி திரும்பாத ஒழுங்கை

எங்கள் கொம்பனியில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ‘நல்லம்’ என்ற சொல்தான். புதிதாகச் செய்த எதையாவது வாயில் வைத்துவிட்டு யாராவது அதைச் சொன்னால், கூடவே ருசி பார்க்கிற மிஸ் தன் கரண்டியைக் கழுவப் போய்விடுவார். அன்று முழுக்க அந்த ஆளின் அபிப்பிராயம் செல்லாது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மாங்காய்ச் சட்னி ஒன்றை நக்கிவிட்டு, அதுவும் சத்தமாக, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன்.

“நீர் இதுக்கு முதல் என்ன வேலை செய்தனீர்?” என்று மிஸ் கேட்டார்.

“இன்சூரன்ஸ், மிஸ்.”

“அதுதான்” என்றார். கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

கொடிகாமத்திலிருந்து சற்று உள்ளே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது எங்கள் தொழிற்சாலை. நாற்பது பேர் வேலை செய்தோம். மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் செய்த ஒடியல் மா, அரிசி மா, பருவகாலத்தில் மாம்பழச் சாறு. நான் சேல்ஸ் மனேஜர். அதாவது, அவர்கள் செய்வதை எல்லாம் கடைக்காரர் தலையில் கட்டுகிறவன். மிஸ் என்ன உத்தியோகத்தில் இருந்தார் என்று சொல்வது கஷ்டம். கடிதத்தில் தரக்கட்டுப்பாடு என்று போட்டிருந்தார்கள். உண்மையில், புதிதாக எதைச் செய்வது, எதைப் பாதி வழியில் நிறுத்துவது என்பதை அவர்தான் தீர்மானித்தார். முதலாளி கையெழுத்து மட்டும் போடுவார். பெண்கள் எல்லாரையும் மிஸ் என்று கூப்பிடுகிற வழக்கம் எங்கள் அலுவலகங்களில் உண்டு. ஆனால் எங்கள் கொம்பனியில் பெயரே இல்லாமல் வெறும் மிஸ் என்றால் அது அவர் ஒருவர்தான்.

குட்டையான உருவம். வெள்ளைக் கோட்டுப் பைக்குள் கைக்குட்டையில் சுற்றிய தேக்கரண்டி ஒன்று எப்போதும் இருக்கும். எதையும் சூடாகச் சாப்பிட்டுப் பார்க்க மாட்டார். “சூட்டிலை எல்லாம் ருசிதான்” என்பார். மூடி வைத்து, அடுத்த நாள் ஆறிய பிறகு, அதுவும் மத்தியானச் சாப்பாடு முடிந்து வயிறு நிறைந்த நேரத்தில்தான் கரண்டியை எடுப்பார். பசித்தவன் வாயைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு கொள்கை. இந்த இரண்டு சோதனையிலும் தப்பி வருகிற பொருள் நூற்றில் ஒன்று இரண்டுதான்.

தப்பாதவற்றை அவர் எறிவதில்லை. அவருடைய அறையில் ஓர் இரும்பு அலுமாரி இருந்தது. கைவிடப்பட்ட ஒவ்வொரு பொருளிலும் ஒரு போத்தலோ பக்கற்றோ அதற்குள் இருக்கும். ஏன் கைவிட்டோம் என்று ஒரு சின்ன வெள்ளை லேபலில் தன் கையால் எழுதி ஒட்டியிருப்பார். ‘கடைக்காரன் வெயிலில் வைப்பான்.’ ‘ஒருக்கால் வாங்குவார்கள், மறுக்கால் வாங்கார்கள்.’ முதலாளியின் மனைவி சொல்லிச் செய்த ஊறுகாயும் அங்கே இருந்தது. அதன் லேபல்: ‘இதை எல்லா வீட்டிலும் இதைவிடத் திறமாகச் செய்வார்கள்.’ அந்த அம்மா அதன் பிறகு ஆறு மாதம் தொழிற்சாலைப் பக்கம் வரவில்லை. வேலையாட்கள் அந்த அலுமாரிக்குச் சுடலை என்று பெயர் வைத்திருந்தார்கள். “என்ன சேர், உங்கடை ஐடியா சுடலைக்குப் போட்டுதாம்” என்று என்னிடமே கேட்பார்கள். மிஸ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த அலுமாரியைத் திறந்து தூசி துடைப்பார். நான் அதைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது நினைத்தால், அந்தக் கேலியை அவர் பொறுத்துக்கொண்டது பெரிய விஷயம்.

இந்தக் கடுமை அவருடன் பிறந்ததில்லை. நான் சேர்வதற்கு முன் நடந்த கதை இது. பனம்பழத்தில் பானம் ஒன்று செய்து, கோயில் திருவிழாவில் மேசை போட்டுச் சனங்களுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். குடித்தவர்கள் எல்லாரும் நல்லம் நல்லம் என்றிருக்கிறார்கள். அதை நம்பி ஒரேயடியாக ஆயிரம் போத்தல் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் கிழமை போத்தலுக்குள் புளித்துப் பொங்கத் தொடங்கியது. ஒரு கடையில் மத்தியான நேரம் ஐந்தாறு மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்துப் பறந்திருக்கின்றன. கடைக்காரர் சத்தம் கேட்டதும் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்துவிட்டார். யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம், ஆனாலும் உடம்பு மறக்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போன மிஸ்ஸிடம் அவர் கோபிக்கவே இல்லையாம். சிந்தியதைத் துடைத்துக்கொண்டே, “பரவாயில்லை பிள்ளை, பானம் நல்லம்” என்றாராம்.

அந்த ‘நல்லம்’தான் மிஸ்ஸை மாற்றியது. என்னிடம் ஒரு தரம் சொன்னார்: “வெடிச்சதுக்குப் பிறகும் நல்லம் எண்டு சொல்லுற சனம் எங்கடை சனம். முகத்துக்கு நேரை வேறை சொல்லாயினம். அது அவையின்ரை மரியாதை. அதை வைச்சு நாங்கள் யாவாரம் செய்யேலாது.”

அதன் பிறகு அவர் எதையும் ஒரு கிலோ, பத்துக் கிலோ, நூறு கிலோ என்று படிப்படியாகத்தான் செய்யவிடுவார். ஒவ்வொரு படியிலும் நின்று, போவதா விடுவதா என்று கேட்பார். “ஒரு கிலோவிலை செத்தால் சுகச்சாவு. ஆயிரம் கிலோவிலை செத்தால் குடும்பத்தோடை சாவு.” முதலாளிக்கு இந்த வேகம் எரிச்சலூட்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது சொந்தக்காரர் வந்து பளபளக்கிற ஒரு பக்கற்றைக் காட்டிவிட்டுப் போனால் அடுத்த நாளே அதைப் போலச் செய்ய வேண்டும் அவருக்கு. மிஸ் மறுக்க மாட்டார். “ஓம், செய்வம். முதல் ஒரு கிலோ” என்பார். ஒரு கிலோ முடிவதற்குள் முதலாளிக்கே ஆசை போய்விடும்.

பத்துக் கிலோ படியில்தான் பேணிச் சோதனை வரும். மூடி போட்ட சில்வர் பேணிகள் நாற்பது வைத்திருந்தார். அடியில் ஒன்று முதல் நாற்பது வரை இலக்கம் அடித்திருக்கும். படம் போட்ட பக்கற்றைக் கொடுத்தால் சனங்கள் படத்தைத்தான் மெச்சும் என்று, பொருளை வெறும் பேணியில் போட்டு இருபது வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார். அதன் பிறகு ஒரு சொல் கேட்க மாட்டார். வழியில் கண்டாலும் வேறு கதை கதைத்துவிட்டு வந்துவிடுவார். பேணி எப்போது திரும்பி வருகிறது என்பது மட்டும்தான் கணக்கு. பிடித்தால் கெதியாய் முடிப்பார்கள், முடிந்தால் பேணி வரும். பிடிக்காவிட்டால் அது அலுமாரி மூலையில் கிடக்கும். இரண்டு கிழமைக்குள் முக்கால்வாசிப் பேணி வந்தால் நூறு கிலோவுக்குப் போகலாம். வராவிட்டால் சுடலை.

பேணிகள் வருகிற நாட்கள் எங்களுக்குக் கொண்டாட்டம். எந்தப் பேணியும் வெறுமனே வராது. ஒன்றில் தேசிக்காய், ஒன்றில் முட்டை, ஒன்றில் கறிவேப்பிலை. ஓய்வுபெற்ற ஓவசியர் வீட்டுப் பேணியில் மட்டும் தவறாமல் பலகாரம். காவலாளி அதை வாங்கிக்கொண்டு வரும்போதே மணம் வந்துவிடும். கொடுத்த ஏதனத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்களுக்குப் பால்குடி நாளிலிருந்து தெரிந்த விஷயம். தெரிந்திருந்தபடியால்தான் ஒருவரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பலகாரத்தைத் தின்றோம், பேணியை எண்ணினோம்.

அந்த வருடம் முதலாளி ஒரு செய்தி சொன்னார். மாம்பழச் சாறு பகுதியில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். மாம்பழம் முடிந்தால் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை. முந்திய வருடங்களில் அங்கும் இங்குமாகப் போட்டுச் சமாளித்தோம். இனி முடியாது, ஆவணிக் கடைசியோடு நிற்பாட்ட வேண்டும் என்றார். வருடம் முழுவதும் ஓடக்கூடிய புதுப் பொருள் ஒன்று வந்தால் மட்டும் வைத்திருக்கலாம். ஆனால் ஒரு பொருளுக்கு இயந்திரம் வாங்கத்தான் கையில் வசதி இருக்கிறது, இரண்டுக்கு இல்லை.

களத்தில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று மிஸ்ஸே இரண்டு வருடமாகப் பாடுபட்டுச் செய்த, துவையல் மாதிரியான வல்லாரைக்கீரைச் சம்பல். பச்சை நிறம் மாறாமல் போத்தலில் மூன்று மாதம் இருக்க வைத்திருந்தார். அது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கு இயந்திரத்தோடு இரண்டு பேர் போதும். மற்றது என்னுடைய கஞ்சி மா. குரக்கன் என்கிற கேழ்வரகு, சிவப்பரிசி, பயறு, கொஞ்சம் ஒடியல். வறுத்து இடித்தது. கொதிநீரில் போட்டால் ஐந்து நிமிடத்தில் காலைச் சாப்பாடு. துப்புரவாக்க, வறுக்க, அரிக்க எட்டுப் பேர் வேண்டும். நான் கடைகளுக்குப் போகிற விடியற்காலைகளில், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. எட்டுப் பெண்களுக்கும் மூத்தவரான வசந்தியக்காதான் வறுக்கிற பக்குவத்தைப் பிடித்துத் தந்தார். அவருக்குத் தெரியும், தங்கள் எட்டுப் பேரின் வேலையும் அந்த வறுக்கிற தாச்சிக்குள்தான் கிடக்கிறது என்று.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் மிஸ் சொன்னார்: “ரெண்டுக்கும் ஒரே சோதனை. என்ரை சம்பல் எண்டு ஒரு சலுகையும் வேண்டாம்.”

சம்பல் வழக்கமான வீடுகளுக்குப் போனது. ஓவசியர், தபாலதிபர், ஆசிரியர்கள் என்று பெரிய வீதியோரத்து வீடுகள். கஞ்சி மாவை நான் வேறு இடத்தில் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்த வீட்டுக்காரர்கள் காலையில் இடியப்பம் சாப்பிடுகிறவர்கள், கஞ்சி மா யாருக்காகச் செய்ததோ அவர்களிடம் கொடுங்கள் என்றேன். மிஸ் ஒத்துக்கொண்டார். கடல்நீரேரிப் பக்கம் மீள்குடியேறியவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள் இருந்த ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில், அதிகமும் பெண்களே வேலைக்குப் போய்க் குடும்பம் பார்க்கிற இருபது வீடுகளுக்குப் பேணிகள் போயின.

சம்பல் பேணிகள் இரண்டு கிழமையில் பதினெட்டு வந்தன. தேசிக்காயும் பலகாரமுமாக.

கஞ்சி மாப் பேணிகள் நான்கு வந்தன. இரண்டில் முட்டை, இரண்டில் முருங்கையிலை.

“மிஸ், ஒருக்கா நேரை போய்க் கேட்பம்” என்றேன்.

“கேக்கக் கூடாது. கேட்டால் என்ன சொல்லுவினம் எண்டு உமக்குத் தெரியும்.”

“அந்த எட்டுப் பேரும்?”

அவர் மேசையில் கிடந்த கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றி, அவிழ்த்து, திரும்பச் சுற்றினார். “எட்டுப் பேருக்காக ஓடாத சாமானை ஓட்டினால், நாப்பது பேரும் வீட்டை போகவேணும். எனக்கு அவையைத் தெரியாதே? வசந்தியின்ரை மகளின்ரை சாமத்தியவீட்டுக்கும் போனனான். உம்மைவிட எனக்கு நோகுது, தெரிஞ்சுகொள்ளும்.”

நான் அப்போது ஒரு சொல் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. “உங்கடை சம்பல் வெண்டிட்டுதுதானே மிஸ்” என்றேன். அவர் கஞ்சி மாப் பக்கற் ஒன்றை எடுத்து லேபல் ஒட்டினார். ‘பேணி திரும்பவில்லை.’ அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மத்தியானம் வழக்கமாக எல்லாரோடும் இருந்து சாப்பிடுகிறவர், அன்றிலிருந்து தன் அறையிலேயே சாப்பிடத் தொடங்கினார். வசந்தியக்காவின் முகத்தைப் பார்க்க அவருக்கு முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நான் அதைக் கள்ள மனம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஆவணி பிறந்து ஒரு கிழமை இருக்கும். பின்னேரம் ஐந்து மணி. காவலாளி வந்து, யாரோ ஒரு பெண் பேணியோடு நிற்கிறார் என்றான். மிஸ்ஸும் நானும் வெளியே போனோம். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி நேரே வந்திருந்தார். கழுத்தில் தொழிற்சாலை அட்டை தொங்கியது. கையில் பதினோராம் இலக்கப் பேணி.

“குறை நினைக்கக் கூடாது மிஸ். மெத்தச் சுணங்கிப்போச்சு” என்று இரண்டு கையாலும் நீட்டினார்.

மிஸ் மூடியைத் திறந்தார். உள்ளே சீனி. நிறையச் சீனி.

“ஏன் பிள்ளை சீனி?”

“வெறும் பேணி தரக்கூடாதெல்லோ. வீட்டு வளவிலை ஒண்டும் காய்க்கேல்லை. வந்து மூண்டு வரியம்தானே, மரங்கள் இன்னும் சின்னன். சம்பளம் எடுத்தாப் பிறகு ஏதும் வாங்கிப் போட்டுத் தருவம் எண்டு இருந்தனான்.”

மிஸ்ஸின் கை மூடியோடு அப்படியே நின்றது. “மா எப்ப முடிஞ்சது?”

“அது மூண்டாம் நாளே முடிஞ்சுபோச்சு.” பிறகு ஏதோ தவறாகச் சொல்லிவிட்டவர் போல, “அம்மாவும் நானும் ரெண்டு நேரமும் குடிச்சிட்டம்” என்றார்.

நல்லம் என்று அவர் சொல்லவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை.

அந்தப் பெண் போனதும் மிஸ் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டார். “சைக்கிளை எடும்” என்றார். என்னுடைய மோட்டார் சைக்கிளில் அதற்கு முன் அவர் ஏறியதில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஒழுங்கைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

முதல் வீட்டில் பேணி குசினி யன்னலில் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவித் துடைத்து மினுங்கியது. இரண்டாவது வீட்டில் சாமிப்படத்துக்குக் கீழே, அதுவும் கவிழ்த்து. மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர் எங்களைக் கண்டதும் பதறிப்போய், “பிள்ளை, மறக்கேல்லை” என்று வளவுக்குள் கூட்டிக்கொண்டு போய் இடுப்பளவு தேசிமரம் ஒன்றைக் காட்டினார். “பாருங்கோ, பூ வைச்சிருக்கு. காய்ச்சவுடனை பேணியோடை வாறன்.” பூவிலிருந்து தேசிக்காய் வருவதற்கு எத்தனை மாதம் என்று எனக்குத் தெரியும், மிஸ்ஸுக்கும் தெரியும். அவருக்கு அது ஒரு சுணக்கமாகவே படவில்லை. வெறும் பேணியைக் கொண்டு வருவதுதான் அவருக்கு நடக்க முடியாத காரியம்.

ஒன்றையும் மறைக்கவில்லை, மூன்று வீடுகளில் மா அப்படியே கிடந்தது. ஒரு வீட்டில் வண்டு பிடித்திருந்தது. இன்னொரு வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்ற எல்லா வீட்டிலும் பேணி காலி. கழுவி, கவிழ்த்து, எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது. நான் சந்தோஷத்தில் துள்ளினேன். மிஸ் ஒழுங்கை முடிவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“முந்தி வந்த நாலு பேணியிலையும் என்ன இருந்தது?”

“முட்டையும் முருங்கையிலையும்.”

“கோழியும் முருங்கையும் இருந்த வீடுகள்” என்றார். பிறகு, தனக்குச் சொல்வது போலச் சொன்னார்: “நான் இவ்வளவு காலமும் சாமானைச் சோதிக்கேல்லை. வளவைச் சோதிச்சிருக்கிறன்.”

அதோடு நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல மனுஷி, அவ்வளவுதான். அடுத்த நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு சம்பல் கொடுத்த வீடுகளுக்குப் போனார். அங்கே அவர் எப்படியென்று கேட்கவில்லை. “ஒரு சோதனைக்குக் கொஞ்சச் சம்பல் தேவைப்படுது. மிச்சம் இருந்தால் ஒரு கரண்டி தருவியளே?” என்றுதான் கேட்டார். கைக்குட்டைக்குள்ளிருந்து தேக்கரண்டியையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஓவசியரின் மனைவி பிரிட்ஜைத் திறந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து வந்தார். கழுத்து வரை சம்பல். மேலே வெள்ளையாய்ப் பூஞ்சணம். “நல்ல சம்பல் மிஸ். நல்லம் எண்டபடியாலைதான் கவனமா எடுத்து வைச்சிருக்கிறம்” என்றார் அந்த அம்மா. பேணி வந்த அன்றே சம்பலை ஜாம் போத்தலுக்கு மாற்றி, பேணியைக் கழுவி, பலகாரம் சுட்டு நிரப்பி அனுப்பிவிட்டிருக்கிறார். மரியாதை தெரிந்த வீடு. பதினெட்டு வீட்டில் பதினொரு வீட்டுச் சம்பல் இப்படிப் பத்திரமாக இருந்தது. கடைசி இரண்டு வீட்டுக்கும் போக வேண்டாம் மிஸ் என்று நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை, போனார்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. சம்பல் போத்தல் அடைக்கிற இயந்திரத்துக்கு ஆளோடு கதைத்து முடித்திருந்தார்.

“மிஸ், போன மாசம் நீங்கள்தானே கஞ்சி ஓடாது எண்டனீங்கள்.”

“ஓம். பிழை விட்டிட்டன்.”

“அப்ப இவ்வளவு காலமும் நீங்கள் நிற்பாட்டினதெல்லாம்?”

நான் முதலாளியை முறைத்தேன். அந்தக் கேள்வி தேவையில்லாதது. ஆனால் மிஸ் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். “அதையும் பாக்கத்தான் வேணும்” என்றார். “இப்ப முதல் இதை முடிப்பம். என்ரை சம்பலை விடுங்கோ. கஞ்சிக்கு வறுக்கிற இயந்திரத்தை எடுங்கோ. நூறு கிலோ செய்து, அதே ஒழுங்கையிலை, இந்தமுறை பக்கற்றிலை, விலைக்குக் கொடுத்துப் பாப்பம். வாங்காட்டில் நான் எழுதித் தந்திட்டுப் போறன்.”

வேலையை விட்டுப் போகிறேன் என்றதுதான் அது. முதலாளி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

கூட்டம் முடிந்து மிஸ் நேரே மாம்பழப் பகுதிக்குப் போனார். எட்டுப் பெண்களும் கை கழுவாமல் எழுந்து நின்றார்கள். “வசந்தி, உங்கடை மா ஓடுது. நான்தான் பிழையாப் பாத்திட்டன். என்னோடை கோவமெண்டால் கோவிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். வசந்தியக்கா, “உதென்ன மிஸ் கதை, சாப்பிட்டாச்சே?” என்று கேட்டார். அன்று மிஸ் மறுபடியும் எல்லாரோடும் இருந்து சாப்பிட்டார்.

அந்த வாரம் முழுவதும் பின்னேரங்களில் சுடலை அலுமாரி திறந்தே கிடந்தது. ஒவ்வொரு போத்தலாக எடுத்து, எந்தெந்த வீடுகளுக்குக் கொடுத்தோம், அங்கே மரம் இருந்ததா, கோழி இருந்ததா என்று பழையவர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் உள்ளே போனபோது அலுமாரிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். “இதுக்குள்ளை எத்தினையை உயிரோடை கொண்டுவந்து வைச்சனோ” என்றார். கண் கலங்கியிருந்தது. இரண்டு பொருள்களை வெளியே எடுத்தார். அதில் ஒன்று பிறகும் ஓடவில்லை. மற்றது முருங்கையிலைப் பொடி, இன்றைக்கும் நான் விற்கிறேன். எடுத்த இடத்தில் தன் சம்பல் போத்தலை வைத்தார். லேபல்: ‘எல்லோரும் நல்லம் என்றார்கள்.’

கஞ்சி மா ஓடியது என்று நான் சொல்ல மாட்டேன். நடந்தது. அந்த ஒழுங்கை வாங்கியது, பக்கத்து ஒழுங்கை வாங்கியது, மெல்ல மெல்லத் தெருவோரக் கடைகள் கேட்கத் தொடங்கின. எட்டுப் பேரும் ஆவணிக்குப் பிறகும் வந்தார்கள். இப்போதும் வருகிறார்கள். பேணிச் சோதனை நின்றுபோனது. அதற்குப் பதிலாக, கொடுத்த வீட்டுக்குப் போய்க் கைமாற்றாக ஒரு கரண்டி திருப்பிக் கேட்பதுதான் முறை. மிச்சம் இல்லையே என்று கையை விரிக்கிற வீட்டில்தான் எங்களுக்குச் சந்தோஷம்.

இரண்டு வருடம் கழித்து மிஸ் வேலையை விட்டார். முல்லைத்தீவுப் பக்கம் தனியாக இருந்த தமையனாருக்கு நடமாட்டம் குறைந்துபோனது, கச்சான் கடலைத் தோட்டத்தையும் அவரையும் பார்க்க வேறு ஆள் இல்லை. புறப்படுகிற அன்று வசந்தியக்காவும் மற்றவர்களும் பதினோராம் இலக்கப் பேணியில் கஞ்சி மாவை நிரப்பிக் கொடுத்தார்கள். அந்த மாவை அவர் எத்தனையோ தடவை ஆற வைத்துச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார். உப்பு, மணல், ஈரம் எல்லாம் பற்றிச் சொல்லியிருக்கிறார். எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

மாதங்கள் போயின. பேணி வரவில்லை. நான் பகிடியாக, “மிஸ்ஸுக்குக் கஞ்சி பிடிக்கேல்லைப் போல” என்றேன்.

வசந்தியக்கா வறுக்கிற தாச்சியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்: “இல்லை சேர். அங்கை கச்சான் இன்னும் விளையேல்லை.”

அவர் போன பத்தாம் மாதம், பஸ் கொண்டக்டர் ஒருவர் சந்திக் கடையில் ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பிரித்தோம். பதினோராம் இலக்கப் பேணி. நிறைய வறுத்த கச்சான். எட்டுப் பேருக்கும் பங்கு போட்டு, எனக்கும் ஒரு பிடி வந்தது. பேணியைக் கழுவக் கொண்டுபோன வசந்தியக்கா குழாயடியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். மூடியின் உட்பக்கத்தில் சின்ன வெள்ளை லேபல் ஒன்று ஒட்டியிருந்தது. மிஸ்ஸின் கையெழுத்து. ஒரேயொரு சொல்.

‘நல்லம்.’

வசந்தியக்கா மூடியைக் கழுவவில்லை. பேணியை மட்டும் கழுவித் துடைத்து என் மேசையில் கவிழ்த்து வைத்தார். அது அங்கேதான் இருக்கிறது. வெறுமனே அனுப்ப முடியாது. புதிதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறோம், பத்துக் கிலோ வரைக்கும் வந்திருக்கிறது.